அப்பா சொல்லிக்கொடுத்த கொரியன்

கோத்தகிரி,
12.06.2019

மனிஷா அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனைப் பாப்பா கையில் கொடுத்துவிட்டு நான் எழுந்து போனது கோபத்தில்தான். மறைக்கவில்லை. நாம் இருவரும் போனில் பேசினால் நல்லபடியாகத்தான் ஆரம்பிக்கிறது. பிறகு "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று நீங்கள் சொல்லி, நான் அழுது, லயத்தில் ஒட்டி ஒட்டி இருக்கிற அத்தனை வீடும் அதைச் சுவர் வழியாகக் கேட்டு, போதும் என்றாகிவிட்டது. ஞாயிறு போன் உங்களுக்கும் பாப்பாவுக்கும் இருக்கட்டும். நமக்குள் பேச வேண்டியதைக் கடிதத்தில் பேசிக்கொள்வோம். எழுதும்போது எனக்குக் குரல் உடைவதில்லை.

நீங்கள் வேலை பார்த்த டீ ஃபேக்டரியின் கூரைத் தகரத்தைப் போன வாரம் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கொழுந்துக்குக் கிடைக்கிற விலை பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று தோட்டம் வைத்திருப்பவர்கள் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு இருந்த செடியெல்லாம் மரமாகி நிற்கிறது. அத்தைக்கு எஸ்டேட்டில் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. வேலை இல்லாத நாளிலும் கூடையை எடுத்துக் கயிறைச் சரிபார்த்துவிட்டு மறுபடி மாட்டி வைக்கிறார்கள்.

அதனால்தான் நீங்கள் சொன்ன செய்தியை நான் இவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நவம்பரில் உங்கள் கம்பெனியின் குடும்ப நாள். கொரிய மேனேஜரும் அவர் மனைவியும் வருகிற குடும்பங்களோடு கொரியனில் பேசிப் பார்ப்பார்கள். தேறுகிற குடும்பத்தை மூன்று வருஷத்துக்குக் கொரியாவுக்கு அனுப்புவார்கள். உங்களைப் பற்றி எனக்குப் பயமில்லை. நானும் பாப்பாவும் வாயடைத்து நின்று, எங்களால் உங்கள் வாய்ப்பு போய்விட்டால்? அந்த நினைப்பு வந்தால் அடுப்பில் வைத்தது தீய்ந்துபோகிறது.

எதை வைத்துப் படிப்பது என்பதுதான் பிரச்சினை. போனில் ஒரு ஆப் இறக்கினேன். இங்கிலீஷ் வழியாகச் சொல்லிக்கொடுக்கிறது, எனக்குச் சரி. சரியான விடை போட்டால் மணி அடிக்கும். பாப்பா மணிக்காகக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துகிறாள். டவர் கிடைக்க மாரியம்மன் கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும். சென்னைப் பெண் ஒருத்தி தமிழில் பாடம் நடத்துகிற வீடியோ இருக்கிறது. நன்றாகச் சொல்கிறாள், ஆனால் பாதி நேரம் நடிகர்களின் தலைமுடியைப் பற்றியே பேசுகிறாள். கோயம்புத்தூரில் இருந்து அக்கா ஒரு புத்தகம் அனுப்பினாள். முதல் பாடத்திலேயே இரண்டு பேர் விமான நிலையத்தில் விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்கிறார்கள். நம் பாப்பா யாருக்குக் கார்டு கொடுப்பாள்?

இதற்கிடையில் மாமா சிலோனில் ஹட்டனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அங்கே அவர் தங்கை பேரன் கொரியாவுக்கு வேலைக்குப் போகப் பரீட்சை எழுதினானாம். அவன் படித்த புத்தகம் வந்திருக்கிறது. கையுறை, சுத்தியல், மருந்துக்கடை என்று எல்லாவற்றுக்கும் படம். அர்த்தம் முழுக்கச் சிங்களத்தில். மாமா சிங்களம் பேசுவார், எழுத்துத் தெரியாது. அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "படம் இருக்கில்ல புள்ள, அது போதும்" என்கிறார்.

எனக்கு இங்கிலீஷ் வேண்டும், பாப்பாவுக்குக் கார்ட்டூன் வேண்டும், மாமாவுக்குத் தமிழ் எழுத்து வேண்டும், அதுவும் பெரிதாக. அத்தைக்கு எழுத்தே கூடாது. வீடே சேர்ந்து பேசினால்தான் பாப்பாவுக்கு நாக்கில் ஒட்டும் என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். எங்கள் நான்கு பேருக்கும் பொதுவாக ஒன்று வேண்டும். நீங்கள் தினமும் காதால் கேட்கிறீர்கள். எது உபயோகமான பேச்சு என்று எழுதுங்கள்.

சுமலதா


ஒரகடம்,
20.06.2019

அன்புள்ள சுமா,

பி.ஏ. படித்தவள் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ஆப், வீடியோ, புத்தகம், கடைசியில் ஹட்டன் புத்தகம் வேறு. ஒரு பாஷைக்கு இத்தனை சாமானா? கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு கொண்டுவரவில்லை.

எங்கள் அப்பா இங்கிலீஷ் எப்படிக் கற்றுக்கொண்டார், கேட்டுப் பார். எஸ்டேட் தொரை ஒரு சத்தம் போடுவார். யார் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று பார்த்தால் அர்த்தம் விளங்கிவிடும். சிலோன் தோட்டத்தில் தாத்தா அப்படித்தான் கற்றுக்கொண்டார், இங்கே வந்து அப்பாவும் அப்படித்தான். புத்தகமா வாங்கினார்கள்? மேலே இருக்கிறவன் வாயைப் பார்த்தால் போதும். நானும் இங்கே அதே வழிதான்.

ஒரு நல்ல சேதி. என் தொப்பி மஞ்சளாகிவிட்டது. நீலத் தொப்பி என்றால் லைனில் நின்று வேலை செய்கிறவன். மஞ்சள் என்றால் அந்த லைனைப் பார்த்துக்கொள்கிறவன். பவுல்ராஜ் அண்ணன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவர் இடத்தில், மூன்றாம் லைனுக்கு, நான். என்னைவிட சீனியர் இருந்தார்கள். ஆனால் லைனை ஓடவைக்க என்னால்தான் முடியும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அம்மாவிடம் சொல்.

இப்போது எழுதிக்கொள். "ஈ செக்கியா" என்றால் யாரையாவது கூப்பிடுவது. சொன்ன உடனே திரும்பிப் பார்ப்பார்கள். "கொஜோ" என்றால் போ என்பது. "ஜுகுல்லே" என்றால் இன்னும் முடியவில்லையா, சீக்கிரம் ஆகட்டும் என்பது மாதிரி. இதை எல்லாம் பாட்டுப் பாடுவது போலச் சொன்னால் பிரயோஜனம் இல்லை, அடிவயிற்றில் இருந்து வர வேண்டும். ஞாயிறு போனில் பாப்பாவுக்கு நானே சொல்லிக்காட்டுகிறேன். உன் ஆப்பில் வணக்கம், நலமா என்றுதான் இருக்கும். இங்கே வணக்கம் சொல்ல யாருக்கு நேரம் இருக்கிறது?

விஜயன்


கோத்தகிரி,
08.07.2019

மனிஷா அப்பாவுக்கு,

மஞ்சள் தொப்பி சேதியை அத்தை கொழுந்து நிறுக்கிற இடத்தில் சொல்லி, அங்கிருந்து அது எஸ்டேட் ஆபீஸ் வரைக்கும் போய்விட்டது. "எம் மவன் இப்ப கங்காணி மாதிரி" என்று சொன்னார்களாம். சேமியா பாயசம் வைத்துப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தோம். எல்லோருக்கும் வயிறு எரிந்திருக்கும், பரவாயில்லை.

வீட்டில் சட்டம் போட்டுவிட்டேன். விளக்குப் போட்டதும் ஒரு மணி நேரம் தமிழ் பேசக் கூடாது. முதல் இரண்டு நாள் மாமா அந்த நேரம் முழுக்க வாயையே திறக்கவில்லை. லயத்தில் எல்லோரும் எங்களுக்குள் சண்டை என்று நினைத்துவிட்டார்கள்.

நீங்கள் ஞாயிறு போனில் சொல்லிக்கொடுத்தது நன்றாகவே வேலை செய்கிறது. படிக்கவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம், நால்வருக்கும் பொதுவான பாடம் கடைசியில் உங்கள் குரல்தான். பாப்பா பொம்மைகளை வரிசையாக நிறுத்தி "ஜுகுல்லே" என்று வேலை வாங்குகிறாள். அத்தை கூரைமேல் வந்த குரங்கைப் பார்த்து "கொஜோ" என்றார்கள். எத்தனை கல்லெறிந்தாலும் போகாத குரங்கு இறங்கிப் போய்விட்டது. "தமிழ்ல சொன்னா மதிக்க மாட்டேங்குது" என்று அத்தைக்கு ஒரே பெருமை. ரொம்ப நாளுக்குப் பிறகு இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது, அதைச் சொல்ல வேண்டும் உங்களுக்கு.

ஆனால் எனக்கு ஒன்று உறுத்துகிறது. நீங்கள் சொன்ன மூன்று வார்த்தையும் அக்கா அனுப்பிய புத்தகத்தில் இல்லை. ஆப்பில் இல்லை. ஹட்டன் புத்தகத்தின் தொழிற்சாலைப் பாடத்தை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் பார்த்தேன், அதிலும் இல்லை. நான் எதைப் பார்த்தாலும் பயப்படுகிறவள் என்று சொல்வீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள்.

பாப்பா பள்ளிக்கூடத்துத் தபித்தாள் டீச்சர் ஒரு வழி சொன்னார்கள். அவர்களுடைய சர்ச்சுக்கு ஒரு கொரிய அம்மா வருகிறாராம். மகனை மலையில் உள்ள போர்டிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டு, குன்னூரில் வாடகை வீடு எடுத்துத் தனியாக இருக்கிறார். கணவருக்குச் சென்னையில் வேலை. பெயர் ஹான். மார்க்கெட்டில் பேரம் பேசுகிற அளவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தால் அவர் எனக்குக் கொரியன் சொல்லிக்கொடுப்பார். சனிக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போகட்டுமா?

சுமலதா


ஒரகடம்,
14.07.2019

சுமா,

தாராளமாகப் போ. நைட் ஷிஃப்ட், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். அந்த அம்மாவிடம் உன் புத்தகப் பாட்டைப் பாடிக்கொண்டிருக்காதே. பாப்பாவை விட்டு நான் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லச் சொல். அசந்துபோவார். கம்பெனியில் பழகின பேச்சுக்கும் புத்தகப் பேச்சுக்கும் வித்தியாசம் கேட்டதும் தெரிந்துவிடும்.

பாப்பாவுக்குச் சளி இருந்தால் ஜன்னல் ஓரம் உட்கார வைக்காதே.

விஜயன்


கோத்தகிரி,
21.07.2019

என்னங்க,

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று போனோம். ஹான் அம்மா வாசலுக்கே வந்து, பாப்பாவுக்குத் தலை குனிந்து வணக்கம் சொன்னார். ஆறு வயதுப் பிள்ளைக்கு அப்படி யாரும் குனிந்து நான் பார்த்ததில்லை. பேரிக்காய் நறுக்கி வைத்தார், வறுத்த பார்லி போட்ட தண்ணீர் கொடுத்தார். லீவுக்கு வந்திருந்த அவர் மகன் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்தான். நான் புத்தகத்தில் படித்த நான்கு வாக்கியத்தைத் திக்கித் திக்கிச் சொன்னேன். கைதட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நீங்கள் சொன்னது ஞாபகம் வந்து, "அப்பா சொல்லிக்கொடுத்ததைச் சொல்லு பாப்பா" என்றேன்.

பாப்பா எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூன்றையும் சொன்னாள். நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே, அடிவயிற்றில் இருந்து.

ஹான் அம்மா எழுந்து போய் மகன் இருந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு என்னிடம் இங்கிலீஷில், இந்தக் குழந்தையிடம் யார் இப்படிப் பேசுவது என்று கேட்டார். குரல் அவ்வளவு மெல்லியதாக இருந்தது. பாப்பா தப்பாகச் சொல்லிவிட்டாளோ என்று கேட்டேன். உச்சரிப்பில் ஒரு பிசகும் இல்லை, தன்னைப் பயமுறுத்தியதே அதுதான் என்றார்.

அவர் சொன்ன அர்த்தத்தை அப்படியே எழுத என் பேனா ஓடவில்லை. முதலாவது, ஒரு மனிதனை மிருகம் போட்ட குட்டி என்று கூப்பிடுவது. இரண்டாவது, என் கண்ணில் படாமல் தொலைந்து போ என்பது. மூன்றாவது, சாகணுமா உனக்கு என்பது. இதைத்தான் என் மகள் பொம்மைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இதைத்தான் நாங்கள் விளக்கு வைத்த நேரத்தில் சுற்றி உட்கார்ந்து மனப்பாடம் செய்தோம்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. உங்களை அங்கே இப்படித்தான் கூப்பிடுகிறார்கள். காலையில் இருந்து இரவு வரைக்கும் உங்கள் காதில் விழுகிற பேச்சே இதுதான். அதுதான் பாஷை என்று நினைத்து, வீட்டுக்கு உபயோகப்படும் என்று ஆசை ஆசையாக எங்களுக்கு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். என்னால் தாங்க முடியவில்லை. பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமாவிடம் சொன்னேன். "நம்ம புள்ளயயுமா?" என்று மட்டும் கேட்டார். அத்தை நேற்று ராத்திரி சாப்பிடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் கம்பெனியில் கேட்டுப் பழகியது என்றதும் ஹான் அம்மா கம்பெனி பெயரைக் கேட்டார். அவர் கணவருக்கு உங்கள் கம்பெனியின் மேலிடத்தில் ஆளைத் தெரியுமாம். யாரோ ஒருவன் தங்கள் மொழியைத் தொழிலாளிகளை அடிக்கிற கழியாக வைத்திருக்கிறான் என்று அவர் கண்கலங்கினார். நான் கம்பெனி பெயரைச் சொல்லிவிட்டேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை, உங்களுக்குக் கஷ்டம் வரக் கூடாது என்று. மூன்றாம் லைன் என்று மட்டும் சொன்னேன்.

வந்துவிடுங்கள். கொரியாவும் வேண்டாம், எதுவும் வேண்டாம். வாரம் மூன்று நாள் வேலை என்றாலும் கஞ்சி குடித்துக்கொள்வோம். மிருகக் குட்டி என்று உங்களை யாரோ கூப்பிட, நாங்கள் இங்கே பாயசம் வைத்துக் குடித்திருக்கிறோம்.

சுமா


ஒரகடம்,
27.07.2019

அன்புள்ள சுமா,

உன் கடிதத்தில் பாதி எழுத்து ஊறிக் கிடக்கிறது. முதலில் மனதை ஆற்றிக்கொள். நீ பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை. என்னை இங்கே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

நீலத் தொப்பிக் காலத்தில் பவுல்ராஜ் அண்ணன் கூப்பிடுவார். அவர் வேறு கம்பெனியில் யாரிடமோ வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த வார்த்தைகள் அவை. அவர் போன பிறகு இந்த லைனில் அதைச் சொல்கிறவன் நான் ஒருவன்தான். என் மேல் அந்த வார்த்தை விழுந்து ரொம்ப நாள் ஆகிறது. அதனால் நீ நிம்மதியாகத் தூங்கலாம்.

நல்ல வார்த்தை இல்லை என்று தெரியும். அவ்வளவு மோசம் என்று தெரியாது. பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தது தப்புதான், அவள் வாயால் கேட்கச் சிரிப்பாக இருந்தது. ஆனால் லைன் என்பது வேறு சுமா. பெல்ட் நிற்காது. என் கீழே இருக்கிற பையன்கள் ஒடிசாவில் இருந்தும் செய்யாறு பக்கத்தில் இருந்தும் வந்தவர்கள். ஒருவனுக்குத் தமிழ் தெரியாது, ஒருவனுக்கு இந்தி தெரியாது. இந்த மூன்று வார்த்தையும் எல்லோருக்கும் புரிகிறது. நீதான் பொதுவாக ஒன்று வேண்டும் என்று எழுதினாயே. போன வாரம் ஒரு பையன் பாத்ரூமில் போய் அழுதானாம். மறுநாள் இரண்டு ஆள் வேலை செய்தான். எங்கள் கொரிய மேனேஜர், ஓ என்று பெயர், சத்தமே போட மாட்டார். கண்ணாடி ரூமுக்குள் இருந்து என்னைப் பார்ப்பார். நான் பையன்களைப் பார்ப்பேன். அவ்வளவுதான்.

ஆனால் நீ செய்த காரியம் இருக்கிறதே. மூன்றாம் லைன் என்று சொல்லிவிட்டு என் பெயரைச் சொல்லவில்லை என்கிறாய். மூன்றாம் லைன் என்றாலே நான்தானே. இந்தக் கடிதம் கிடைத்த உடனே குன்னூருக்குப் போ. அந்த அம்மா கணவரிடம் போன் செய்ய வேண்டாம், குழந்தை எங்கோ டிவியில் கேட்டதைச் சொல்லிவிட்டது என்று சொல். கெஞ்சியாவது சொல். இந்த வேலையும் போய்விட்டால் நாம் எல்லோரும் அந்த மரமாகிப்போன செடிக்கு அடியில்தான் உட்கார வேண்டும்.

அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டாதே.

விஜயன்


கோத்தகிரி,
04.08.2019

மனிஷா அப்பாவுக்கு,

படித்துக் காட்டாதே என்பதைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதம் வந்தால் இந்த வீட்டில் எப்படிப் படிப்போம் என்று உங்களுக்குத் தெரியாதா? மாமா அடுப்படியில் உட்கார்ந்திருக்க, அத்தை உறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக் கொடுக்க, நான் பிரித்துச் சத்தமாகத்தான் படிப்பேன். முதல் பத்தி படித்ததும் அத்தை சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள். "யாரும் கூப்பிடலையாம்" என்று மாமா கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் நெஞ்சில் பாரம் இறங்கி, அதே வேகத்தில் அடுத்த வரியையும் படித்துவிட்டேன்.

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தோன்றவில்லை. நான் படிப்பது எனக்கே புரியாமல், பாத்ரூமில் அழுத பையன் வரைக்கும் படித்துவிட்டேன்.

அத்தை கேட்டார்கள்: "யாரு பெத்த புள்ளைங்கள?"

மாமா எழுந்து வெளியே போய்விட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது, குடையை எடுக்கவில்லை.

உங்களை யாரோ அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தபோது நான் உடைந்துபோனேன். இப்போது என்னால் அழக்கூட முடியவில்லை. நீங்கள் எனக்கு ஆறுதல் சொல்லித்தான் எழுதியிருக்கிறீர்கள். நிம்மதியாகத் தூங்கலாம் என்கிறீர்கள். அந்த வரியை மறுபடி மறுபடி படிக்கிறேன். இதை எழுதியவர் யார் என்று தேடுகிறேன். பிரசவத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது நர்ஸ் அதட்டினாள் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுத மனிதர் இதை எழுதவில்லை. அவர்தான் எழுதினார் என்றால் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

நேற்று குன்னூருக்குப் போனேன். டிவியில் கேட்டது என்று சொல்லவில்லை. மூன்றாம் லைனில் அதைச் சொல்கிறவர் என் கணவர் என்று சொன்னேன். இங்கிலீஷில் சொல்வது சுலபமாக இருந்தது, வேறு யாரையோ பற்றிச் சொல்வது மாதிரி. ஹான் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கணவர் வியாழக்கிழமையே கம்பெனியில் பேசிவிட்டாராம். வேண்டுமானால் இன்னொரு முறை பேசி, விட்டுவிடச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

நான் வேண்டும் என்று சொல்லவில்லை.

சுமலதா


ஒரகடம்,
19.08.2019

சுமா,

மழையில் ரோடு போய்விட்டது, அதனால்தான் உன் கடிதம் இத்தனை நாள் கழித்து வந்தது என்று நினைக்கிறேன். பாப்பாவிடம் போனில் கேட்டேன், எல்லோரும் பத்திரம் என்றாள். நீ போன் பக்கம் வரவில்லை.

ஆபீசில் என்னைக் கூப்பிட்டார்கள். ஹெச்.ஆர். லெஸ்லி சார்தான் விசாரித்தார். நான் மறைக்கவில்லை, அப்படித்தான் திட்டுகிறேன் சார் என்று ஒத்துக்கொண்டேன். துணிப் பையில் என் சாமான்களைக் கட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

நம்ப மாட்டாய். லெஸ்லி சார் என் லைனின் உற்பத்திக் கணக்கைத் திறந்து பார்த்தார். சிரித்தார். "விஜயன், இனிமே கொரியன்ல திட்டாத. வெளிய போனா கம்பெனி பேரு கெடுது. தமிழ்ல என்ன வேணா சொல்லிக்கோ, யாரு கேக்கப் போறா" என்றார். அவ்வளவுதான் விசாரணை.

அது மட்டும் இல்லை. கொரியாவில் புது ஃபேக்டரியில் நம் நாட்டு ஆட்களை வேலை வாங்க ஒரு ஆள் வேண்டுமாம், குரல் உள்ள ஆள். என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். ஜனவரியில் கிளம்ப வேண்டும், குடும்பத்தோடு. நவம்பர் பேச்சுப் பரீட்சை எல்லாம் நமக்குக் கிடையாது. நீ இத்தனை நாள் எந்தப் புத்தகம், எந்த ஆப் என்று மண்டையை உடைத்துக்கொண்டாய், அதற்கு அவசியமே இல்லாமல் போய்விட்டது. மேனேஜர் ஓ மட்டும் ஏனோ என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

நாம் ஜெயித்துவிட்டோம் சுமா. கோபத்தை விடு. பாப்பா பாஸ்போர்ட்டுக்குத் தாய் தகப்பன் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்தைப் போட்டுப் பேப்பரை இத்துடன் வைத்திருக்கிறேன். உன்னுடையதைப் போட்டு உடனே அனுப்பு.

விஜயன்


கோத்தகிரி,
27.08.2019

மனிஷா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படிக்கவில்லை. மனதுக்குள் படித்துவிட்டு, எல்லோரும் நலம் என்று சொன்னேன். அத்தை உறையை வாங்கித் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.

பேப்பரை இரண்டு நாள் அரிசி டப்பாவின் மேல் வைத்திருந்தேன். கையெழுத்துப் போட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். அதை மறைக்க மாட்டேன். ஜனவரி, விமானம், பாப்பாவுக்கு நல்ல பள்ளிக்கூடம். இங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? தமிழில் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள் என்றாராமே உங்கள் சார். தமிழில் நாம் அப்படிப் பேச மாட்டோம், திருந்திவிடுவோம் என்றுகூட என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

நேற்று சாயங்காலம் மாமா சுவரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். குளிருக்குத் தலையில் துண்டு கட்டியிருந்தார். பாப்பாவின் பந்து பெட்டிக்கு அடியில் போய்விட்டது. எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டாள். "குடிச்சிட்டு வர்றேன் கண்ணு" என்றார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்த முதல் வார்த்தையைச் சொன்னாள். தாத்தாவைப் பார்த்து. ஹான் அம்மாவும் நானும் ஐந்து வாரமாக அவளை மறக்கடிக்கப் பார்த்த வார்த்தை.

அதன் அர்த்தம் மாமாவுக்குத் தெரியும். நானே சொல்லியிருக்கிறேன்.

டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்தார். தலையில் இருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாப்பாவுக்கு முன்னால் வந்து நின்றார். அறுபத்தெட்டு வயது மனிதர், ஆறு வயதுப் பிள்ளைக்கு முன்னால், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு. அவர் விளையாடவில்லை. உடம்பு தானாக வந்து நின்றுவிட்டது. ஒரு நிமிடம் கழித்துத்தான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. துண்டை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பாப்பா சிரித்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் பேனாவை மூடி வைத்தேன்.

பேப்பரை அப்படியே திருப்பி அனுப்புகிறேன். என் இடம் காலியாக இருக்கிறது. ஜனவரியில் நீங்கள் தனியாகப் போவதானால் நான் தடுக்கவில்லை. பாப்பா வர மாட்டாள். அந்தத் தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இங்கே வருவதானால் வாருங்கள். வேலை இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன்.

வந்தால், நீங்கள் வாசலில் நுழையும்போது மாமா எழுந்திருக்கப் பார்ப்பார். எழுந்திருக்க விடாதீர்கள்.

சுமலதா